முதலில் இறங்குகிறவன்

மாலைச் செய்தியில் வானிலை வாசிக்கிற பெண்ணை எனக்குப் பிடிக்காது. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் பிடிக்காது. கோடை தொடங்கும் முன்பே சிரித்த முகத்தோடு சொன்னாள்: இந்த வருஷம் வெயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், மாலை நேரங்களில் ஆங்காங்கே இடியுடன் மழை பெய்ய வாய்ப்பு உண்டு. ஆங்காங்கே என்றால் எங்கே என்று அவளும் சொல்ல மாட்டாள், கேட்கவும் ஆளில்லை. வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டால் பெய்தாலும் அவள் கெட்டிக்காரி, பெய்யாவிட்டாலும் கெட்டிக்காரி.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "மாலையிலன்னா எத்தனை மணிக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"அவளையே கேளு. நான் மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ. மேகத்துக்கிட்டயா வேலை பாக்குறேன்?"

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போன கோடையில் அப்பா செத்துப்போனார். பெரிய கிடங்குகளுக்குத் தகரக் கூரை போடுகிற கம்பெனியில் வேலை பார்த்தார். உச்சிவெயிலில் தகரத்தின் மேல் நின்றால் ஷூவின் அடிப்பாகம் இளகி ஒட்டும் என்பார். ஒரு மதியம் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு அம்மா மேலாளர் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் மதியத்தில் யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள், வெயில் தாழ்ந்தபின் ஏற்றுங்கள் என்றாள். அவர் பார்க்கலாம் என்று மழுப்பினார். அம்மா மறுநாளும் போனாள், அதற்கு அடுத்த நாளும் போனாள். அம்மாவின் தலையைக் கண்டாலே மனிதர் கழிப்பறைக்குள் புகுந்துகொள்ளும் அளவுக்குப் போனது. கடைசியில் வேலை நேரத்தை மாற்றினார்கள். விடிந்ததும் கொஞ்சம், பிறகு மூன்று மணிக்கு மேல் இருட்டும்வரை. கூரைக்காரர்களின் மனைவிமார் வீடு தேடி வந்து அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒரு காரியத்தில் ஜெயித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அப்பாவின் இடத்தில் தம்பி வேலை பார்க்கிறான். அம்மா சண்டைபோட்டு வாங்கிக் கொடுத்த அந்த மாலை நேரத்தில்தான் இடி வரப்போகிறதாம்.

அம்மா மறுபடி கம்பெனிக்குப் போனாள். மேலாளர் இந்தத் தடவை ஓடவில்லை. "நீங்க கேட்டதுதானம்மா. மதியம் வேணாம்னீங்க, மாத்தினோம். இப்ப சாயங்காலமும் வேணாம்னா கூரையை நிலா வெளிச்சத்துலயா போடுறது? இடிச் சத்தம் கேட்டா உடனே இறங்கச் சொல்லியிருக்கோம். போயிட்டு வாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இறங்கலாம்தான். ஆனால் கூரைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடி உறுமும்போது முதலில் இறங்குகிறவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அப்பா சேர்ந்த காலத்திலேயே அது இருந்ததாம். டீ பெரிய விஷயமில்லை, கூடவே வருகிற கிண்டலைத்தான் தாங்க முடியாது. அதனால் தூரத்தில் சத்தம் கேட்டால் குனிந்து திருகாணி முடுக்குகிற மாதிரி அடுத்தவன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நீதான் முதல்ல இறங்கணும். டீக்காசு நான் தர்றேன்" என்றாள் அம்மா.

"மானம் போகுதும்மா."

"போனா போகட்டும். நீ வீட்டுக்கு வந்து சேரு."

தம்பி சொன்னபடி இறங்கினான். முதல் மாதம் முழுக்க வானம் சும்மா கனைத்துவிட்டுப் போனது. இவன் இறங்கி டீ சொல்லி முடிப்பதற்குள் வெயில் பளிச்சென்று அடிக்கும். அவனுக்கு டீக்கடை என்று பேர் விழுந்தது. வைத்தவர் ஒட்டடை. நெட்டையாக, ஒல்லியாக இருப்பார், அதனால் ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர். முதல் நாள் தம்பிக்கு இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டவரும் அவர்தான். தினமும் அவனை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

"அக்கா, உங்க பையன் புண்ணியத்துல என் வீட்டுல டீத்தூள் செலவே இல்ல" என்று வாசலில் நின்று கத்துவார்.

"நீயும் அவன் கூடவே இறங்கேன்ப்பா."

"எல்லாரும் ஒண்ணா இறங்கிட்டா யாரு டீ வாங்குறது?"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அந்த நாள் காலையிலிருந்தே காற்று இல்லை. மருந்துக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் மயக்கம், வாந்தி என்றார்கள். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்துபோனது. நாலு மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி விளக்கைப் போட்டார். அப்போது விழுந்த இடியில் அலமாரி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சூப்பர்வைசர். "கூரையில இடி விழுந்துருச்சும்மா. ஒரு உயிர் போயிருச்சு. பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க." யார் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

அம்மாவை அழைத்துக்கொண்டு மழையில் ஓடினேன். வழியெல்லாம் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "அவனா இருக்கக் கூடாது. அவனா இருக்கக் கூடாது." நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். அவன் இல்லையென்றால் அந்தக் கூரையில் நின்ற வேறு ஒருவர். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் வேண்டிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி நடைபாதையின் கோடியில் தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். அம்மா பாய்ந்து அவன் முகத்தைப் பிடித்தாள். தோளைத் தொட்டாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நல்லவேளை, நீ இல்ல! நீ இல்லடா!"

"அம்மா, மெதுவா" என்று தம்பி அவள் கையைப் பிடித்து அமர்த்தினான். அவன் உதடு கோணிக்கொண்டது. "ஒட்டடை அண்ணன்மா. ஏணியில பாதியில நின்னு கூப்பிட்டேன். நீ போய் டீ சொல்லு, வர்றேன்னாரு."

அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெஞ்சைப் பார்த்தேன். ஒட்டடையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்பே வந்திருக்கிறாள். அம்மா கத்தியது அவ்வளவும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் எங்கள் வாசலில் நின்று முதலில் கும்பிட்டவள் இவள்தான்.

அவள் எழுந்து அம்மாவை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. அவள் பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கக்கா. பயந்து ஓடி வந்திருக்கீங்க."

அம்மா பெஞ்சில் உட்காரவில்லை. அவள் காலடியில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.