பன்னிரண்டு பெட்டிகளும் நாற்பத்து மூன்று குருவிகளும்

என் தம்பிக்கு வீட்டில் பெயர் குட்டி. ஆறடி உயரம், தொண்ணூற்றெட்டு கிலோ. அப்படிப்பட்டவன் ஒரு பெயரை நம்பி மோசம் போவான் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் குடியிருப்புச் சுவரில் சிட்டுக்குருவிகளுக்காகப் பன்னிரண்டு மரப்பெட்டிகளை நானே அறுத்து மாட்டியிருந்தேன். மூன்று வருடமாக ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. "வாடகை அதிகமோ?" என்று கேட்டுக் கேட்டே தெருவில் எல்லோரும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்க நாள் குறித்த சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை பறவைக் கணக்கெடுப்புல ஒரு குருவியாவது வரணும். இல்லன்னா பெட்டியெல்லாம் கழட்டிருங்கம்மா."

அன்றைக்கென்று பார்த்து எனக்கு மருந்துக்கடையில் வேலை. பறவைப் படங்கள் போட்ட அட்டையைக் குட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, குருவி நாப்பத்து மூணு!"

கடையிலேயே கத்திவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை மறந்து நின்றார். செயலாளருக்கு உடனே செய்தி அனுப்பினேன், கொஞ்சம் திமிராகத்தான்.

வீட்டுக்கு வந்து குட்டி எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தால் தலை சுற்றியது. இரட்டைவால் குருவி ஒன்பது, தவிட்டுக்குருவி முப்பத்திரண்டு, பட்டாணிக்குருவி இரண்டு. பெயரைத் தவிர இவற்றுக்கும் சிட்டுக்குருவிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீர்க்காகம் மூன்றையும் காக்கையோடு சேர்த்திருந்தான்.

"இதுல ஒண்ணுகூட குருவி இல்லடா!"

"பேர்லயே இருக்கேக்கா. நான் வேல பாக்குற குடோன்ல துணி சோப்பு, குளியல் சோப்பு எல்லாம் சோப்புக் கணக்குதான்."

"மருந்துக்கடையில இப்படிப் பேரப் பாத்துக் குடுத்தா ஆளே காலிடா!"

தப்பான மருந்தைத் திருப்பி வாங்குகிற தொழில் என்னுடையது. மனசு கேட்காமல் செயலாளரிடம் போய்க் கணக்கு தப்பு என்று சொன்னேன். "அப்ப நாளைக்கே கழட்டிருங்க" என்றார்.

மறுநாள் காலை குட்டி ஏணியில் ஏறினான். செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். ஆறு பெட்டிகளில் சிலந்தி வலைதான் இருந்தது. ஒவ்வொன்றாகக் கீழே வாங்கி வைக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழாவது பெட்டியில் குட்டி கையை வெடுக்கென்று இழுத்தான். "அக்கா, உள்ள ஏதோ சீறுது!"

அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். பாசியும் முடியும் பரப்பிய மெத்தையில் ஐந்து வாய்கள் திறந்திருந்தன. வெள்ளைக் கன்னமும் மார்பில் கறுப்புக் கோடுமாகத் தாய் என்னை முறைத்தது. பட்டாணிக்குருவி.

"என்னம்மா, குருவியா?" என்று செயலாளர் கேட்டார்.

'இல்ல சார், பேர்தான் அப்படி' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. கீழே குட்டி தாளும் பேனாவுமாக, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குருவிதான் சார்" என்றேன். "குட்டி, குஞ்சுகளையும் சேத்து ஆறுன்னு எழுது."