தூங்குமூஞ்சியின் கடிதம்

நேராக ஓடிக்கொண்டிருந்த தையல் திடீரென்று கோணிக்கொண்டு காலரைத் தாண்டிப் போனது. துணியே இல்லாத இடத்தில் ஊசி தடதடத்தது. அவள் கால் மிதியை விட்டு எழவில்லை. கண் திறந்துதான் இருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. பக்கத்து மெஷினில் பொத்தான் தைப்பவள் தோளைத் தட்டக் கை நீட்டுவதற்குள் அந்தத் துடிப்பு தானாகவே நின்றுவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல அவள் அடுத்த காலரை எடுத்தாள்.

"ஏய் தூங்குமூஞ்சி, கனவுல யாரு வந்தது?"

பின்னாலிருந்து ஒருத்தி கேட்டதும் வரிசையே சிரித்தது. எதற்கென்று கோணல் தையலைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. காலேஜுக்குப் போகிற மகள் இருக்கிறாள், இந்த வயதில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியதுபோல் அவமானமாக இருந்தது.

சூப்பர்வைசர் அந்தக் காலரை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "ஏம்மா, வீட்டுல தூங்கறதே இல்லியா? திங்கக்கிழமை மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

இத்தனைக்கும் அவள் கோழியோடு படுத்துக் கோழியோடு எழுகிறவள். முகத்தில் தண்ணீர் அடித்து, தொடையைக் கிள்ளி, என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று.

சனிக்கிழமை மகள்தான் பிடிவாதமாக அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெண் அவள் தலை முழுக்கப் பசை வைத்து ஒயர்களை ஒட்டினாள். கண்ணை மூடி வேகவேகமாக மூச்சு விடச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் என்ன வார்த்தை சொன்னேன்?" என்று கேட்டாள்.

"வார்த்தையா? நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"ஜன்னல்னு ரெண்டு தடவ சொன்னேம்மா."

அந்த ஒயர்கள் வழியாகப் பதிவான காகிதத்தை டாக்டர் விரித்துக் காட்டினார். சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டிருந்த கோடுகள் எல்லாம் ஓரிடத்தில் ஒன்றாகத் துள்ளி எழுந்திருந்தன. நொடிக்கு மூன்று முறை, ஒரே மாதிரி ஏற்றமும் இறக்கமும். பன்னிரண்டு நொடி கழித்துப் பழையபடி நெளிவு.

"இது தூக்கமே இல்ல. தூக்கத்துக்குக் கோடு வேற மாதிரி வரும். இது ஒரு வகை வலிப்பு. கீழ விழ மாட்டீங்க, கை கால் இழுக்காது, நினைவு மட்டும் போயிட்டு வரும். மாத்திரைல அடங்கிடும். அதுவரைக்கும் மெஷின் பக்கம் போகாதீங்க."

தூக்கம் இல்லை என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தலை குனிந்தது வீண் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை, டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பரீட்சையில் பாஸான பிள்ளைபோல் கொண்டுவந்தாள். பொத்தான் தைப்பவள்தான் முதலில் வாங்கிப் படித்தாள்.

"வலிப்புன்னு போட்டிருக்கே கண்ணு. மடிச்சு உள்ள வை."

"தூங்கலேன்னு இதுல இருக்குல்லக்கா?"

"தூங்கினா திட்டோட போயிடும். வலிப்புன்னா இன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்குல்ல?"

அவள் காகிதத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். திருடியதை ஒளிப்பதுபோல் மேலே டிபன் பாக்ஸை வைத்து மூடினாள்.

சூப்பர்வைசர் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல எழுதினாள். "வேலை நேரத்தில் தூங்கியது என் தவறு. இனிமேல்..."

அடுத்து அவள் காதில் விழுந்தது அவருடைய சிரிப்புதான். 'இனிமேல்' என்ற சொல்லிலிருந்து பேனா இழுத்த கோடு காகிதத்தின் ஓரம்வரை போயிருந்தது.

"பாத்தீங்களா, மன்னிப்புக் கேக்கும்போதே தூக்கம்!"

"வேற பேப்பர் குடுங்க சார்."

"வேணாம். கையெழுத்த மட்டும் போடு. எல்லாரும் பாக்கட்டும்."

தண்ணீர்க் குழாய்க்கு மேலே இருந்த பலகையில் அதைக் குத்திவைத்தார்கள். மத்தியானம் பாட்டிலோடு அவளும் வரிசையில் நின்றாள், எத்தனை முறை அலசியும் போகாத பசையை முடியிலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டே. முன்னால் நின்ற ஒருத்தி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டி, கொர்ரென்று குறட்டை விட்டுக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.