காப்புக் கட்டிய தீயணைப்பான்

மணப்பெண் ஏறப்போகும் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்த குள்ளம்மாள், சுட்டுக்கொண்டவள் போல வெடுக்கென்று தலையை வெளியே இழுத்தாள்.

"ஏம்ப்பா டிரைவரு, உள்ள செவப்பா நிக்கிதே, என்னாது அது?"

"தீ அணைக்கறதுங்க," என்றார் முகம்மது கவுஸ்.

"தீயா? எங்க தீ?"

"இப்ப எங்கயும் இல்லீங்க. வந்தா அணைக்கறதுக்கு."

குள்ளம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அத்தை அவள். பென்னாகரத்துப் பக்கமிருந்து பெண்ணழைக்க ஏரியூருக்கு வந்திருந்தவர்களில் அவள் வைத்ததுதான் சட்டம். ஆறேழு பெண்களோடு ஒரு வாடகை வேனில் வந்திருந்தாள். திரும்பும்போது மணப்பெண்ணோடு காரில் வருவதாக ஏற்பாடு. காரை அமர்த்தியிருந்தவர் பெண்ணின் தகப்பன் கோவிந்தன்.

"மொதல்மொதலா பொண்ணு காலெடுத்து வெக்கிற வண்டியில தீயப் பத்தி பேசலாமா? பின்னால டிக்கியில வேற கவுறு, கடப்பாரை, கம்பளி, கட்டுத்துணிப் பொட்டி. இது கல்யாண வண்டியா, ஆசுபத்திரி வண்டியா? எல்லாத்தையும் எறக்கி இங்கயே வெச்சிட்டு வா."

"அதெல்லாம் எறங்காதுங்க ஆத்தா."

"அப்ப பொண்ணு ஏற மாட்டா."

"அப்ப வண்டி வராதுங்க."

கோவிந்தனின் முகம் வெளிறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெண் மாப்பிள்ளை ஊருக்குள் நுழைந்தாக வேண்டும். விடிந்தால் முகூர்த்தம். மழை மிரட்டும் ஆவணி மாதத்தில் இன்னொரு காரைத் தேடித் தருமபுரிக்கு ஆள் அனுப்பி, அது எப்போது வந்து சேர்வது?

வஹிதா இதையெல்லாம் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கவுஸின் மனைவி அவள். தருமபுரியில் தையல் மிஷின் வைத்திருந்தாள். மணப்பெண் பாஞ்சாலிக்கு ஆறு ஜாக்கெட் தைத்து, கடைசி நேரத்தில் கொக்கி மாற்றிக் கொடுக்கக் கணவனின் காரிலேயே வந்திருந்தாள். பாஞ்சாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் கூட வாங்கக்கா, அந்த அத்தையப் பாத்தாலே பயமா இருக்குது," என்று கண்ணைக் கசக்கியதால் மறுக்க முடியவில்லை.

இப்படி ஒன்று நடப்பது வஹிதாவுக்குப் புதிதில்லை. இரண்டு வருஷத்தில் மூன்று கல்யாண வாடகை இதனால் கைவிட்டுப் போயிருந்தது. தருமபுரி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், "பாய் வண்டியில வெடிகுண்டு இருக்குது, தள்ளி நில்லுங்க," என்று கேலி செய்வார்கள். மாரப்பன் என்ற டிரைவர் ஒருநாள் கவுஸைக் கூப்பிட்டு, "பாய், என் பீடிய கொஞ்சம் அணைச்சுக் குடுங்க," என்று நீட்டினான். கவுஸ் பீடியை வாங்கி, இரண்டு இழுப்பு இழுத்து, காலில் போட்டு மிதித்துவிட்டு, "ஆச்சு, அடுத்தது?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் தீயணைக்கும் அந்தச் சிவப்பு உருளையை மட்டும் இறக்கவில்லை.

காரணம் வஹிதாவுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்பு, அறுபத்தேழில், தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. அதை ஓட்டியது அவளுடைய அண்ணன் நசீருதீன். பின்னாலேயே இன்னொரு லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர் கவுஸ். அண்ணனின் கால் மாட்டிக்கொண்டிருந்தது. கவுஸிடம் கடப்பாரை இல்லை. தண்ணீர் இல்லை. சாலையோர மண்ணை இரு கைகளாலும் வாரி வாரி இறைத்தார். அண்ணனின் உடலை மையத்தாகக் கொண்டுவந்து இறக்கிய அன்று, வாசலில் நின்ற கவுஸின் விரல்களில் நகமே இல்லாததை வஹிதா பார்த்தாள். அப்போது அவர் அண்ணனின் நண்பர், அவ்வளவுதான். மறு வருஷம் பெண் கேட்டு வந்தபோது அவள் உம்மா தயங்கினாள், லாரிக்காரன் வேண்டாமே என்று. வஹிதா தயங்கவில்லை. அந்தக் கைகளை அவள் பார்த்திருந்தாள்.

லாரியை விட்டுப் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கிய கையோடு அவர் பெங்களூருக்குப் போய் அந்த உருளையை வாங்கிவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை அங்கேயே கொண்டுபோய் மருந்து மாற்றிவருவார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்ததும், அதை வீட்டுக் கொல்லையில் வைத்து வஹிதாவைத் தூக்கிப் பாவனையாக அடித்துப் பழகச் சொல்வார்.

"கிளிப்ப இழு. குமிழக் குத்து. மேல அடிக்காத, அடியில அடி. தீக்கு வேரு அடியில."

"துணி தைக்கறவளுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

"நான் ஒரு பக்கம் மாட்டிக்கிட்டா?"

அதற்குப் பிறகு அவர் சொல்லாமலே அவள் உருளையைத் தூக்கினாள்.

இப்போது ஏரியூரில், கோவிந்தனின் வாசலில், கவுஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லு. எறக்கட்டுமா? உன் அண்ணனுக்காக வெச்சது. நீ எறக்குன்னா எறக்கறேன்."

கோவிந்தன் கும்பிடப்போகும் கைகளோடு அவளைப் பார்த்தார். பாஞ்சாலியின் தாய் கண்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இறக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். வஹிதா கண்ணம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"கண்ணம்மாக்கா, ஆயுத பூசைக்கு ஏருக்கும் மம்பட்டிக்கும் என்ன பண்ணுவீங்க?"

"சந்தனம், குங்குமம் வெப்போம். எதுக்கும்மா?"

"இதுவும் ஒரு ஆயுதந்தானேங்க. இதுக்கும் வெச்சிடுங்களேன்."

குள்ளம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ துலுக்கப் பொண்ணு. உனக்குப் பரவால்லியா?"

"பொட்டு அதுக்குத்தானேங்க ஆத்தா, எனக்கில்லியே."

முதலில் சிரித்தவள் பாஞ்சாலி. அப்புறம் கண்ணம்மாள். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த குள்ளம்மாளுக்கும் உதடு விலகிவிட்டது. சந்தனக் கிண்ணம் வந்தது. வஹிதா உட்கார வேண்டிய முன் இருக்கையின் காலடியில் நின்ற உருளைக்கு மூன்று பொட்டு வைத்தார்கள். கவுஸ் டிக்கியைச் சாத்திவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குள்ளம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. "பொட்டு மட்டும் பத்தாது. காப்புக் கட்டிட்டா ஒரு கெட்டதும் அண்டாது," என்று மடியிலிருந்த கல்யாணப் பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் தோய்த்த முறுக்கு நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து, உருளையின் கழுத்தில் கட்டினாள். ஒரு சுற்று அல்ல, ஏழெட்டுச் சுற்று. கிளிப், குமிழ் எல்லாம் உள்ளே போய்விட்டன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சு. ஈர நூலைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

வஹிதா அதைப் பார்த்தாள். அது கிளிப்பின் மேல் விழுவதும் அவளுக்குத் தெரிந்தது. இப்போதுதானே எல்லாம் சரியாயிற்று, மறுபடியும் கிளற வேண்டாம், போய்ச் சேர்ந்ததும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேன் முன்னால் போனது. அதன் பின்பக்கத்தில் சீர்ப் பாத்திரங்களைக் கூரைவரை அடுக்கிப் பின்கதவைச் சாத்தியிருந்தார்கள். நடுவில் பெண்கள். குள்ளம்மாளின் மகள் சாலம்மாளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதிரி வேனில் என்ஜின் வண்டிக்குள்ளேயே இருக்கும், டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில்.

மாப்பிள்ளை ஊர் அரை மைல் இருக்கும்போது, மேட்டில் ஏறிய வேன் இருமியது. அந்தத் தகர மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. பிறகு தீ வந்தது. வேன் டிரைவர் பிரேக்கைப் போட்டான், கதவைத் திறந்தான், ஓடினான். சோளக்கொல்லைக்குள் அவன் தலை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கவுஸ் காரை நிறுத்தியபோது வேனின் முன்பக்கத்து இரண்டு கதவுகளையும் தீ மறித்துக்கொண்டிருந்தது. உள்ளே பெண்களின் அலறல். பின்கதவு ஒன்றுதான் வழி. அதுவும் அண்டா சரிந்து உள்பக்கமாக முட்டி இறுகிக் கிடந்தது.

"வஹிதா, முன்னால நீ!" என்று கத்திவிட்டுக் கவுஸ் டிக்கியிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு வேனின் பின்பக்கம் ஓடினார்.

அவள் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அனல் முகத்தில் அறைந்தது. கிளிப்பை இழுத்தாள். வரவில்லை. நூலைப் பற்றி இழுத்தாள். விரலை அறுத்தது, நூல் அறவில்லை. கத்தரிக்கோலைக் கண்ணம்மாளின் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். வாழ்நாளில் அவள் எத்தனை ஆயிரம் நூலை அறுத்திருப்பாள்! இந்த ஒரு நூலுக்கு வழியில்லை. பார்த்தும் பேசாமல் இருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள்.

"என்னாடி நிக்கிற?" குள்ளம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"காப்பு, ஆத்தா! கிளிப்பு மேல கட்டிட்டீங்க! வர மாட்டேங்குது!"

கல்யாணம் முடிவதற்குள் காப்பை அறுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் கட்டியவளுக்குச் சொல்லவே வேண்டாம். குள்ளம்மாள் வேனைப் பார்த்தாள். புகைக்குள்ளிருந்து, "அம்மா!" என்றது சாலம்மாளின் குரல்.

குள்ளம்மாள் சாலையில் மண்டியிட்டு, உருளையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, நூலில் பல்லை வைத்தாள். கடித்தாள். தலையை ஆட்டி ஆட்டி இழுத்தாள். சந்தனமும் குங்குமமும் அவள் கன்னத்தில் அப்பின. ஒரு சுற்று அறுந்தது. இன்னொன்று அறுந்தது. மஞ்சள் துண்டைத் துப்பினாள். "இழுடி!"

கிளிப் வந்தது. வஹிதா குமிழைக் குத்தினாள். உருளை அவள் கையில் ஒரு துள்ளுத் துள்ளியது. வேனின் கதவருகே போய் நின்று, மூடியின் இடுக்கைப் பார்த்து, அடியில், வேரில் அடித்தாள். வெள்ளைத் தூள் சீறிக்கொண்டு போனது. தீ ஒரு பக்கம் படுத்து மறுபக்கம் எழுந்தது. அவள் விடவில்லை. தீ எழுந்த பக்கமெல்லாம் குழாயைத் திருப்பினாள். கொல்லையில் எத்தனையோ வெள்ளிக்கிழமை வெறுங்குழாயைத் திருப்பிய கைகள் தாமாகவே திரும்பின. உருளை சீறி ஓய்ந்தபோது தகரத்தின் மேல் புகை மட்டும்தான் இருந்தது.

பின்பக்கம் கவுஸ் கதவைக் கீலோடு பெயர்த்திருந்தார். அண்டாவும் குடமும் சாலையில் உருண்டன. அவற்றின் மேல் விழுந்தும் எழுந்தும் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள், எல்லோரும் இருந்தார்கள். ஒருத்திக்கு முழங்கால் சிராய்ப்பு. சாலம்மாளுக்கு முன்மயிர் கருகியிருந்தது. கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்து, கட்டுத்துணிப் பெட்டியைத் திறந்து, கவுஸ் நிதானமாகச் சிராய்ப்பைத் துடைத்து மருந்து வைத்தார். என்ஜின் மேல் இரண்டு கேன் தண்ணீரை ஊற்றி, மூடியைத் தூக்கி மறுபடி பார்த்த பிறகுதான் வஹிதாவிடம் வந்தார். அவள் புருவம் வரைக்கும் வெள்ளையாக இருந்தாள்.

"அடியிலதான அடிச்ச?"

"அடியிலதாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து அவர் மறைந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரைப் பற்றி எவ்வளவோ நல்லது சொன்னார்கள். வஹிதாவுக்கு அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

"நூல் கட்டினத நான் பாத்தேங்க," என்றாள் அவள். "பாத்துட்டுச் சும்மா இருந்தேன். தப்பு என்மேல."

"உன்மேல என்னாடி தப்பு?" என்று நடுவில் புகுந்தாள் குள்ளம்மாள். வாயோரம் மஞ்சள் வழிந்திருந்தது. "கட்டுனவ நானு. கடிச்சவளும் நானு. கணக்கு நேராயிடுச்சு. சரி சரி, பொழுது சாயுது. பாஞ்சாலி, வண்டியில ஏறு. சாலா, நீயும் ஏறு. மத்தவங்க நடந்து வாங்க."

கவுஸ் காரின் கதவில் கையை வைத்து மறித்தார்.

"ஏற முடியாதுங்க ஆத்தா."

"ஏன், வண்டிக்கு என்னா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. உருளை காலி. அது நெறயாம என் வண்டியில ஆள் ஏற மாட்டாங்க."

"அட, அரை மைலுப்பா! அதோ பந்தலு தெரியிது!"

"வேனும் இங்க வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு."

குள்ளம்மாளுக்குக் கோபம் வரும் என்று வஹிதா எதிர்பார்த்தாள். ஏரியூரில் அவர் இதே மாதிரி மறுத்தபோது எப்படிக் கத்தினாள்! குள்ளம்மாள் கருகிப்போன வேனை ஒருதரம் பார்த்தாள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு கவுஸைப் பார்த்து, தொழிலில் தனக்குச் சமமான ஒருவனைக் கண்டுகொண்டவள் போல, மெல்லக் கேட்டாள்.

"சரி, சீர்ப் பாத்திரமாச்சும் ஏறலாமா?"

"அண்டா குண்டா ஏறலாங்க. உசுரு ஏறக் கூடாது."

"நானுமா?" என்றாள் வஹிதா.

"நீதான் மொதல்ல தள்ளி நில்லு."

பாத்திரங்களை ஏற்றினார்கள். நசுங்கிய அண்டா பின் இருக்கையில் மணப்பெண்ணின் இடத்தில் உட்கார்ந்தது. பாஞ்சாலி புதுப் பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அழுகையெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. பக்கத்தில் நடந்த சாலம்மாளின் கருகிய முன்மயிரைப் பார்த்து இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். பின்னால் அம்பாசடர், பெண்களின் நடைக்கு ஏற்ப, மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து வந்தது.

பந்தல் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் திகைத்து நின்றார்கள். மணப்பெண் நடந்து வருகிறாள், காரில் அண்டா குண்டா வருகிறது, கூடவே வெள்ளைத் தூளில் குளித்த ஒரு பெண்.

"இந்தம்மா யாரு?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

"டைலரம்மா," என்றாள் குள்ளம்மாள். "உன் சனத்த உசுரோட கூட்டியாந்து உட்டிருக்கறா. மொதல்ல அவளுக்கு மூஞ்சி கழுவத் தண்ணி மோந்து குடு. அப்பறம் பொண்ணுக்கு ஆரத்தி எடுக்கலாம்."

சொம்பு வந்தது. வஹிதா உடனே முகம் கழுவவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒருதரம் பார்க்கட்டும் என்று, வெள்ளைப் புருவத்தோடு, கொஞ்ச நேரம் அப்படியே நிமிர்ந்து நின்றாள்.