ஒன்பது மாத முடி

பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓடுகிற லேத்தை அப்படியே விட்டுவிட்டு, காற்றில் இல்லாத நூலை இழுத்து இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தபோது அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஆஸ்பத்திரியில் ஊமத்தை விதை என்றார்கள். சோறு போடுகிறவள்தான் மருந்து வைத்திருக்கிறாள் என்று அவன் அக்கா அங்கம்மா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். புருஷன் பிழைத்தாலும் தனக்கு ஜெயில்தான் என்று லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பிருந்தே பால்ராஜ் திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்த்துவந்தான். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்க, அங்கம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே சவரக்காரரைக் கூட்டிவந்தாள். மொட்டை போட்டால் முடியில் ஏறின மருந்து இறங்கிவிடுமாம். கூடையைத் திறந்து காட்டாமல் எடைபோடுகிற மீன்காரிகளை லோகநாயகி நிறையப் பார்த்தவள்.

"இன்னா அண்ணி, முருகருக்கே தேதி மாத்திட்டியா?"

"உன் கையால துன்னுதான் இந்த கதில கீறான். வாய மூடு."

லோகநாயகி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு கத்தியை அண்டவிடவில்லை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் இந்த அவசரத்தைச் சொன்னாள். முதலில் சிரித்தவருக்கும் பிறகு அது குத்தியது.

தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து கோவிந்தன் என்பவர் வந்தார். தொண்ணூற்றேழில் இதெல்லாம் புதுசு. பிடரியில் தோலை ஒட்டி ஒரு கற்றை நறுக்கி, வேர்ப்பக்கம் நூல் கட்டினார். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளருமாம். வயிற்றுக்குள் போனது முடியில் தங்குமாம். வேர்ப்பக்கம் புதுசு, நுனி பழசு.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. மாதத்துக்கு ஒன்றாக வெட்டிய ஒன்பது துண்டில் வேரை ஒட்டிய ஒன்றில் ஊமத்தை. அடுத்த மூன்றும் சுத்தம். அதற்கு மேலே, கல்யாணத்துக்கு முந்தைய ஐந்திலும் ஊமத்தை.

அப்போது யார் சமைத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அங்கம்மா. கல்யாணமானதும் தம்பி மேனாம்பேட்டில் தனிக்குடித்தனம் போய்விட்டான். கடைசி மாதம்தான் ஞாயிறுதோறும் அவள் வீட்டிலிருந்து கறிக்குழம்பு வர ஆரம்பித்தது.

"என் பேச்சத் தாண்டக் கூடாதுன்னுதான் வெச்சேன் சார்," என்றாள் அங்கம்மா. "சாவட்டும்னா வெச்சேன்?"

வழக்கிலிருந்து விடுபட்ட லோகநாயகி, வீடு திரும்பியிருந்த புருஷனுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீ மொதல்ல குடி."

குடித்தாள். தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னும் கொஞ்சம்," என்றான்.