ஓடிப்போனாள் என்று சொல்லக்கூடாது

யுகாஷினி காணாமல் போன மறுநாள் காலையில் அவளுடைய பெரியப்பா தம்புசாமி முதலில் தேட ஆரம்பித்தது, அவளுடைய நல்ல போட்டோ ஒன்றை. கிள்ளானில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர் வேறு எதைத் தேடுவார்? பள்ளிக்கூட அட்டையில் பிள்ளை கண்ணாடி போட்டு, எண்ணெய் வழியும் முகத்தோடு, உள்ளது உள்ளபடி இருந்தாள். அது வேண்டாமாம். சடங்கு வீட்டில் எடுத்த படம்தான் லட்சணமாம். பட்டுச்சேலை, ஒட்டியாணம், இரவல் நெற்றிச்சுட்டி, முகத்தில் ஒரு இஞ்சுக்கு மாவு. அதையும் கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வெளுத்து, "எங்கள் குலவிளக்கைக் காணவில்லை" என்று சிவப்பில் போட்டு, வலது மூலையில் கைகூப்பிய தன் படத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆலயத் துணைத் தலைவர் என்ற பட்டமும் விட்டுப்போகவில்லை. மனிதர் பதினைந்து வயதுப் பிள்ளையைத் தேடுகிறாரா, தேர்தலில் நிற்கிறாரா என்று பெற்றவள் மலர்விழிக்கே சந்தேகம் வந்தது.

"அண்ணன் நல்லா செஞ்சிருக்காரு," என்றான் அவள் கணவன் சிவநேசன். துறைமுகத்தில் நாற்பதடி கொண்டெய்னர் லோரியைப் பின்னுக்கு எடுத்து, கை நுழையாத சந்தில் கச்சிதமாக நிறுத்துகிறவன். அண்ணன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தெரியாது.

போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "சற்றே மனநலம் குன்றியவர்."

யுகாவுக்கு ஒரு குறையும் கிடையாது. கணக்கில் மட்டும் கொஞ்சம் மட்டம். அந்த வரி முதல் நாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் பிறந்தது. புகார் எழுதிக்கொண்ட மலாய்க்காரப் போலீஸ்காரி ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "லாரி டாரி ரூமா கா?" வீட்டைவிட்டு ஓடிவிட்டாளா என்று. மலாயில் அது வெறும் ஓட்டம். கோபித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் போலீஸ் படிவத்தில் டிக் அடிக்கிற கட்டம். ஆனால் தம்புசாமியின் காதில் அது தமிழில் விழுந்தது. தமிழில் ஒரு பெண் ஓடிப்போனாள் என்றால் தனியாகப் போனாள் என்று எவன் நினைக்கிறான்? பக்கத்தில் ஒருத்தனை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அந்தச் சொல்லே வாயில் வரும்.

"லாரி இல்ல புவான், லாரி இல்ல," என்று அவர் பதறினார். ஓடவில்லை அம்மணி என்று. பிறகு தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டி, "சாகிட். சினி," என்றார். நோயாம், இங்கேயாம்.

போலீஸ்காரி மலர்விழி பக்கம் திரும்பி, "பெத்துல் கா, புவான்?" என்றாள். உண்மைதானா என்று பெற்றவளிடம் கேட்டாள். மலர்விழிக்கு மலாய் தெரியாதா என்ன? ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகப் பேசுவது அதைத்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகு அந்தப் போலீஸ்காரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுப் பைத்தியக்காரப் பிள்ளை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால்தானே கிடைக்கும்?

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். யுகாவின் போனில் செய்தி வந்த மணி அடித்தது. தம்புசாமி அதைப் பிடுங்கி, கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிற அதே குரலில், வகுப்புப் பையன் ஒருவன் அனுப்பியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "நாளைக்கு அறிவியல் புத்தகம் கொண்டு வா. குட் நைட்." அதற்குச் சிரிப்பு. போனில் மேலே தள்ளிப் பழையதையும் தேடி வாசித்தார். அதற்கு இன்னும் சிரிப்பு. சிவநேசன் குனிந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தான். மலர்விழி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். திங்கள் காலையில் பள்ளிச் சீருடையில் புறப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை.

போஸ்டர் ஊரெல்லாம் பரவியதும் அதே கூட்டம் பிஸ்கட் டின்களோடு திரும்பி வந்தது. "புத்தி சரியில்லையாமே, எப்பலேருந்து?" என்று ஒவ்வொருத்தரும் கேட்ட கேட்பில் எத்தனை நிம்மதி! ஓடிப்போன கேஸ் இல்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் தங்கள் பிள்ளைகளுக்குக் கெட்ட பேர் வராது. அவர்களுக்கும் மலர்விழியே தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். அந்தக் கூட்டத்தை அவள் அருவருத்தாள். தட்டைத் தூக்கிய தன் கையையும்தான்.

புதன்கிழமை மதியம் மரியம் அக்கா போனில் கூப்பிட்டார். பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்து, இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தையல் தைப்பவர்.

"மலரு, யுகா என்கிட்டதான் இருக்கா. ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதா, எனக்கு மனசு கேக்கல. தப்புதான், என்னைத் திட்டிக்க. இன்னிக்கு காலையில நானே சமாதானம் சொல்லி கிள்ளான் ரயில்ல ஏத்திவிட்டேன். போனவ அடுத்த ரயில்லயே திரும்பி வந்து நிக்கிறா. நீ தனியா வா."

ரயிலில் உட்கார்ந்து சிவநேசனுக்கு மட்டும் செய்தி அனுப்பினாள். அது இன்னொரு முட்டாள்தனம்.

மூன்றாவது மாடி வீட்டின் கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே மரியம் ஒரு ரவிக்கையின் தையலைப் பிரித்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். யுகா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிரிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். திறக்கவில்லை.

"கிள்ளான் ஸ்டேஷன் தூண்ல ஒட்டியிருக்கும்மா. யாரோ கல்யாணப் பொண்ணுன்னு நெனச்சேன். பேரப் படிச்சப்புறம்தான் நான்னே தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு அங்கிள் நின்னு படிச்சாரு. என்னைப் பாத்து, 'பாவம்லா கேர்ள், பைத்தியமாம்'னு என்கிட்டயே சொல்றாரு."

யுகா சாவியை உள்ளங்கையில் திருப்பினாள்.

"அந்த வரிய யாரு எழுதுனது?"

"பெரியப்பா."

"உன்கிட்ட கேட்டாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தம்புசாமியின் தலையில் கட்டிவிட்டால் நம்பாதவர் யார்? மூன்று நாளாக அந்த ஆளை மனசுக்குள் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தவள், தன் முறை வந்ததும் அதே ஆளுக்குப் பின்னால் போய் ஒளிய இடம் தேடினாள். தன்னைப் பார்க்கவே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"கேட்டாரு. போலீஸும் கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஆமான்னு தலையாட்டுனேன்."

"ஏன்?"

"ஓடிப்போயிட்டான்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு."

"ஓடித்தானேம்மா வந்தேன்?"

அப்போது போன் அடித்தது. தம்புசாமிதான். சிவநேசன் அண்ணனிடம் ஒப்பித்துவிட்டிருக்கிறான். "மலரு, நேரா வீட்டுக்கு வேணாம். கோயிலுக்குக் கூட்டிட்டு வா. ஒரு தாயத்து கட்டிருவோம், நாலு பேரு பாக்கட்டும். தெரிஞ்ச கிளினிக்ல லெட்டர் ஒண்ணு வாங்கி போலீஸ்ல குடுத்துட்டா முடிஞ்சிரும்லா."

குரல் கிரிலைத் தாண்டி உள்ளே கேட்டது. யுகா ஒரு அடி பின்னால் போனாள். இன்னும் ஒரு தலையாட்டல் போதும், பிள்ளை நிரந்தரமாகப் போய்விடுவாள் என்று மலர்விழிக்கு அந்த ஒரு அடியில் புரிந்தது.

பதில் சொல்லாமல் போனை வைத்தாள். தம்புசாமி தன் அப்பா பேரில் தொடங்கிய 'கன்னையா குடும்பம்' வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். அறுபத்து மூன்று பேர். மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் சொல்றேன். யுகா கிடைச்சிட்டா. அவளுக்குப் பைத்தியம் இல்ல. வீட்டைவிட்டு ஓடிப்போனா. எவன்கூடவும் இல்ல, தனியா. பெரியப்பா அவ போனைப் பிடுங்கி வாசிச்சாரு, நீங்கல்லாம் சிரிச்சீங்க, பெத்த நாங்க ரெண்டு பேரும் வாய மூடிட்டு இருந்தோம். அதனால ஓடிப்போனா. போலீஸ்லயும் போய் இதத்தான் சொல்லப்போறேன்."

அனுப்பினாள். 'உடனே அழி' என்று தம்புசாமி. 'ஏன் குரூப்ல போட்ட, அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?' என்று சிவநேசன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவனுக்கு இன்னும் யாரும் அனுமதி கொடுக்கவில்லை போலிருக்கிறது. மலர்விழி போனை அணைத்தாள்.

"வா யுகா, போலாம்."

"ஞாயித்துக்கிழமையே இதச் சொல்லியிருக்கலாம்லம்மா."

மலர்விழி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

யுகா பூட்டைத் திறந்தாள். வெளியே வரவில்லை.

"நான் வீட்டுக்கு வரல. நீ வேணும்னா உள்ள வா."

மலர்விழி உள்ளே போனாள்.