ஷாங்காய்க் கைட்

ஷாங்காய் விமான நிலையத்தில் மங்கையற்கரசி மூத்த மகள் நிரூபாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள். "வீட்டை போன கையோடை எல்லாருக்கும் சொல்லுங்கோ அம்மா, லியாங் என்ர மனுசன் எண்டு. நான் சொன்னா ஓடிப்போனவளின்ர கதை. நீங்கள் சொன்னாத்தான் அது கலியாணம்" என்று மகள் கேட்டிருந்தாள். வேலைக்குப் போன அவள் அங்கே லியாங்கைப் பதிவுத் திருமணம் செய்து ஒரு வருடமாகியும், டொரொன்டோவில் பெற்றவர்கள் இருவரைத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

லியாங் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆற்றங்கரைக் கோபுரங்களைக் காட்டினான். பழைய தோட்டத்தில் மாமியாரைக் கைபிடித்துப் படியேற்றினான். வெள்ளிக்கிழமை அவள் மச்சம் தொடமாட்டாள் என்று அறிந்ததும், ஊரெல்லாம் விசாரித்து ஒரு புத்த கோயிலில் சைவச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். பெற்ற மகன்கூட இப்படிப் பார்ப்பானா என்று மங்கையற்கரசிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண் டொரொன்டோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங் வீட்டுக்கு வந்து சேருமுன்பே காய்ந்துவிட்டது.

ஏனென்றால் இங்கே இளையவள் துவாரகாவுக்குச் சம்பந்தம் முற்றாகிற நேரம். மாப்பிள்ளையின் தாய் கோணேஸ்வரி ஸ்காபரோவிலிருந்து வந்து, ரோல்ஸைக் கடித்தபடி டிவியில் ஷாங்காய்ப் படங்களைப் பார்த்தாள். ஒன்றையும் தவறவிடாத கண் அவளுக்கு.

"உவன் ஆர், எல்லாப் படத்திலையும் நிக்கிறான்? உங்கட கையையும் பிடிச்சுக்கொண்டு?"

துவாரகாவின் தகப்பன் பொன்னம்பலம் குனிந்து ரிமோட்டைப் பார்த்தார். மங்கையற்கரசி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே துவாரகாவின் வெளிறிய முகம் தெரிந்தது.

"உவனோ? கைட் அக்கா. வாடகைக்குப் பிடிச்சது. நல்ல பெடியன்."

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் மறைந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் கோணேஸ்வரி. "வாற மாதம் நாங்களும் அங்கை போறம். அவன்ர நம்பரைத் தாங்கோ."

மறுத்தால் சந்தேகம் வரும். மங்கையற்கரசி மருமகனின் நம்பரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிரூபாவை அழைத்தாள்.

"தங்கச்சியின்ர கலியாணம் முடியுமட்டும் பொறுத்துக்கொள்ளு பிள்ளை. ரெண்டு மூண்டு நாளைக்குத்தானே. அவரிட்டைச் சொல்லு."

நிரூபா போனைக் கணவனிடம் நீட்டினாள். பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லியாங்தான், மனைவி கற்றுக்கொடுத்த தமிழில் "ஓம் அம்மா" என்றான். அந்த இரண்டு சொல் மங்கையற்கரசியைச் சுட்டது. சுட்டும் அவள் நம்பரைத் திருப்பி வாங்கவில்லை.

கோணேஸ்வரி போய்வந்தாள், தேயிலைப் பெட்டியோடும் வாய் நிறையப் புகழோடும்.

"தங்கமான கைட். என்ர பையெல்லாம் அவன்தான் தூக்கினவன். உங்கட மூத்தவளும் ஒருநாள் வந்தவள். பாவம், என்னோடை பின்சீட்டிலை இருந்தவள், வாயே திறக்கேல்லை. போகேக்கை நான் அவனுக்கு டிப்ஸ் நீட்டினன், வேண்டாமெண்டு நிண்டவன். உங்கட மகள்தான், 'வாங்கு, அதுதானே உன்ர வேலை' எண்டு சொன்னவள். ஆரை எங்கை வைக்கோணுமெண்டு தெரிஞ்ச பிள்ளை."

மங்கையற்கரசி தேயிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். நெஞ்சுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றும் அவள் சொல்லவில்லை.

துவாரகாவின் கலியாணம் வெகு விமரிசையாக நடந்தது. நிரூபாவும் லியாங்கும் வரவில்லை. தாலி ஏறிய மறுநாளே மங்கையற்கரசி ஷாங்காய்க்குப் போன் எடுத்தாள். இனிப் பயமில்லை, ஆதலால் குரலில் பாசம் வழிந்தது.

"இனி ஊருக்கெல்லாம் சொல்லுறன் பிள்ளை. சம்மருக்கு நானும் அப்பாவும் வாறம். மருமகனோடை திரும்பவும் எல்லாம் சுத்திப் பாக்கோணும்."

"வாங்கோ அம்மா" என்றாள் நிரூபா, கோபமே இல்லாமல். "வரேக்கை கைட் ஒராளைப் புக் பண்ணிக்கொண்டு வாங்கோ. லியாங் இப்ப அந்த வேலை செய்யிறேல்லை."