வலது கை, புகுந்த வீடு

என் மகள் என் போனில் எதையோ ஏற்றி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அதிலிருந்து ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் பேசுகிறாள். "கை கழுவும்போது கையை மட்டும் நினையுங்கள். தண்ணீர் படுவதை உணருங்கள்." எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னதற்கு இதுதான் வைத்தியமாம். அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அம்மா தாயே, இருபத்தாறு வருஷம் அதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். எங்கள் தியேட்டரில் எதிரெதிராக இரண்டு அறைகள். நடுவில் இருந்த நடையில் நீளமாக ஒரு எஃகுத் தொட்டி, அதன்மேல் முழங்கையால் தட்டித் திறக்கிற இரண்டு குழாய்கள். ஒரு குழாய் எனக்கு. இன்னொன்று வாயாடிக்கு. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

ஆபரேஷன் டேபிளுக்குப் போகுமுன் கை கழுவுவது சும்மா விஷயமில்லை. முதலில் நகங்களுக்கு பிரஷ். பிறகு ஒவ்வொரு விரலுக்கும் நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துத் தேய்ப்பு. பிறகு உள்ளங்கை, புறங்கை என்று முழங்கை வரைக்கும். நடுவில் எதையாவது தொட்டுவிட்டால் முதலிலிருந்து. எந்த விரலில் நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தாலும் முதலிலிருந்து. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் மனசுக்குள் எண்ணுவேன். வாயாடி எண்ணமாட்டாள். அவள் விரல்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருந்தாள்.

"இடது கை பிறந்த வீடு. வலது கை புகுந்த வீடு" என்றாள் முதல் நாளே.

"இதென்னடி கூத்து?"

"பிறந்த வீட்டை முதல்ல முடிச்சுடுவேன். அங்க என்ன அழுக்கு இருக்கப் போகுது? புகுந்த வீட்டுக்குத்தான் நேரம் வேணும்."

வலது கட்டைவிரல் மாமனார். குட்டையாக, குண்டாக, யாரோடும் சேராமல் தனியாக நிற்பார். ஆள்காட்டி விரல் மாமியார், ஏவுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. நடுவிரல் புருஷன். மோதிர விரல் நாத்தனார், எந்நேரமும் நகை நினைப்பு. சுண்டு விரல் அவளுடைய ஒரே மகள். ஒவ்வொருவரையும் தேய்க்கும்போது அவரவருக்கு ஏற்ற மாதிரி பேச்சு நடக்கும். "மாமா, மருந்து சாப்பிட்டாச்சா? அத்தை, கொஞ்சம் வளைஞ்சு குடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது." நடுவிரலுக்கு வந்தால் மட்டும் குரல் ஏறும். "உங்களுக்கு என்ன இவ்வளவு உசரம்? உங்களைத் தேய்ச்சே என் ஆயுசு போகுது."

அவள் புருஷன் உண்மையிலேயே நல்ல உயரம். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கும் அவர்தான் வருவார். வந்தால் தியேட்டர் வாசலில் நின்று, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். இவள் அலட்டிக்கொள்ளாத மாதிரி திரும்பிக்கொள்வாள். அன்று முழுக்க வாய் இன்னும் இரண்டு மடங்கு ஓடும்.

எனக்கு முதலில் இதெல்லாம் எரிச்சல்தான். கை கழுவுகிற இடத்தில் என்ன குடும்ப வழக்கு என்று நினைப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட விரலைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. நான் பாதியில் வீட்டு வாடகையை நினைத்து, குழந்தையின் காய்ச்சலை நினைத்து, எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு எத்தனையோ முறை திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். அவள் அந்த ஐந்து நிமிஷமும் அந்தக் கையில்தான் இருப்பாள்.

வாயாடியின் புருஷன் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் புறப்பட ஷூ கயிறு கட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் அப்போது டேபிள் முன்னால் நின்றிருந்தாள். தையல் போட்டு முடித்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். நான் என் குழாயைத் திறந்தேன், அவள் அவளுடையதைத் திறந்தாள். பிறந்த வீடு ஒழுங்காக முடிந்தது. மாமனார் ஆச்சு, மாமியார் ஆச்சு. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். நடுவிரலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எது வரைக்கும் வந்தேன்?" என்று கேட்டாள்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறையும் அப்படியே. உள்ளே இருந்து டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் வேறு நர்ஸ் ஒருத்தியை அனுப்பினார்கள்.

மறுநாளும் இதே கதை. நல்லது செய்கிறேன் என்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

"இந்த உறவெல்லாம் விட்டுடுடி. என்னை மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் தலையாட்டினாள், மூன்றாம் நாள் எண்களோடு வந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழுக்கு வந்ததும் ஏழா எட்டா என்று தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தால் இந்த முறை ஆறிலேயே தொலைந்தது. எண்ணில் யாரும் இல்லையே, அவள் யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்? மயக்க மருந்து கொடுத்துவிட்ட நோயாளியோடு டாக்டர் இருபது நிமிஷம் காத்திருந்தார். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே வந்து கத்தினார்.

பெரிய சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு விட்டார். தியேட்டர் மொத்தமும் அவர் கையில். அதிர்ந்து பேசமாட்டார், சொன்னதை மாற்றவும் மாட்டார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா டேபிள்ல படுத்திருக்கிறவங்களுக்கு அது தெரியாது. நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். முடியலன்னா துணி ஸ்டோருக்கு மாத்திடறேன்."

துணி ஸ்டோர் என்றால் ஜன்னல் இல்லாத அறை, அடுக்கடுக்காகப் போர்வை, பேசுவதற்கு ஒரு ஈ காக்கை கிடையாது. அன்று மாலை உடை மாற்றும் அறையில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல எங்க பார்த்தாலும் அவர்தான். இங்க டேபிள் முன்னாடி நிக்கிறப்ப மட்டும்தான்டி நான் நானா இருக்கேன். இதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

அவளை எண்ணச் சொன்னது நான்தானே.

மறுநாள் காலையில் பெரிய சிஸ்டர் தொட்டிக்கு எதிரே சுவரோரமாக நின்றார். தலைக்கு மேலே கடிகாரம். நாங்கள் தொப்பியும் முகமூடியும் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனோம். அவள் எண்ணப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா" என்று முகமூடிக்குள்ளிருந்து இடது கட்டைவிரலைக் கூப்பிட்டாள்.

பிறந்த வீடு நகர்ந்தது. மாமனாரிடம் மருந்தைப் பற்றிக் கேட்டாள், குரல் சன்னமாக வந்தது. மாமியாரிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. "நீங்களும் பாவம்தான் அத்தை" என்று மட்டும் சொன்னாள். பிறகு நடுவிரலைப் பிடித்தாள். நான் என் தேய்ப்பை நிறுத்திவிட்டேன். கடிகார முள் நகர்வது கேட்டது.

"என்னங்க" என்றாள் வாயாடி. "சாப்பிட்டீங்களா?"

கேட்டுவிட்டு, எப்போதும் போலப் பதிலுக்கு நேரம் விட்டாள். அந்த நேரத்தில் விரலின் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து என்று தேய்த்தாள். அடி முதல் நுனி வரைக்கும், அவசரமே இல்லாமல், நாலு பக்கமும் தேய்த்தாள். அந்த விரலை அவ்வளவு அக்கறையாக அவள் கழுவி நான் பார்த்ததே இல்லை. பிறகு அதை மெல்ல விட்டாள்.

"நாத்தனாரே, வாங்க" என்றாள்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. கழுவிய கையால் கண்ணைத் துடைக்க முடியாது. இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மக்கு மாதிரி அழுதேன். சுண்டு விரலையும் முடித்து, முழங்கை வரை அலசிவிட்டு நிமிர்ந்தபோது வாயாடியும் அதே கோலத்தில்தான் இருந்தாள். முகமூடியின் மேல் ஓரம் நனைந்து கிடந்தது.

பெரிய சிஸ்டர் அலமாரியிலிருந்து பஞ்சுத்துணி எடுத்தார். ஆபரேஷனின்போது டாக்டரின் நெற்றி வியர்வையை ஒற்றுவது போல, முதலில் அவள் கண்களை ஒற்றினார். வேறொரு துணி எடுத்து என் கண்களையும் ஒற்றினார். கடிகாரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேபிள் காத்திருக்கு, போ" என்று அவளிடம் சொன்னார்.

அவள் கைகளைத் தூக்கிய வாக்கில் முதுகால் கதவைத் தள்ளினாள். என்னால் அடக்க முடியவில்லை.

"உன் வீட்டுக்காரர் என்னடி சொன்னார்?"

கதவைப் பாதி திறந்தபடி அவள் நின்றாள்.

"எப்பவும் கேக்கறதைத்தான் கேட்டார். நீ சாப்பிட்டியான்னு."

அன்று மதியம் எனக்கு எதிரில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அதைத் திறந்து பார்த்து மூடி வைத்துக்கொண்டிருந்தவள். நான் வேறு எங்கோ பார்ப்பது போல நடித்தேன். ஒவ்வொரு வாயாக, மென்று, விழுங்கி, கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள்.